தலையாட்டும் மான்

அன்புள்ள ஜோலீனுக்கு அம்மா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் உலகத்தின் தென்கோடியில் அந்த வெலிங்டன் வெயிலில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மொன்டானாவில் முழங்கால் அளவுக்குப் பனி, ஆனாலும் எல்லோரும் நலம் என்றுதான் எழுத வேண்டும். நான் நலம், நாய் நலம், சமையலறைக் குழாய் மட்டும் உறைந்து போய் ஹேர் டிரையரால் சூடு காட்டி எழுப்பினேன். உன் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, போனது மானம்தான், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் சொல்லலாம் என்றால் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வரிக்கு வரி திருத்துவார். நீ உன் தம்பிக்கு ஒரு பிளாஸ்டிக் மான் படம் அனுப்பி, கீழே "சமைச்சாச்சா?" என்று எழுதியிருந்தாயாமே. டிரெவர் என்னிடம் காட்டினான், சிரித்துக்கொண்டுதான் காட்டினான். ஊரே சிரித்தபோது நீயும் சிரித்தாய், உனக்கு வந்து சேர்ந்த செய்தி அப்படி, உன்னைக் குற்றம் சொல்லவில்லை. இப்போது நடந்ததைக் கேள், கேட்டுவிட்டு யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று நீயே முடிவு செய்துகொள்.

உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாதது இல்லை. இந்தப் பள்ளத்தாக்கில் துப்பாக்கி பிடிக்கிற பாதிப் பேருக்கு வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவர் என்பதை நினைவூட்டாமல் அவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு இறங்கியதில்லை. ரோட்டில் இருந்து சுடுகிறவன் மனுஷனே இல்லை, வண்டியில் உட்கார்ந்து மான் தேடுகிறவன் கடைக்குப் போய் மாட்டுக்கறி வாங்கட்டும், மானுக்கு நாலு கால் என்றால் உனக்கு ரெண்டு கால் இருக்கிறது இறங்கி நட, இதெல்லாம் நம் வீட்டில் ஜெபம் மாதிரி. அப்படிப்பட்டவருக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்து போய்விட்டன. டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி எலும்போடு எலும்பு உரசுகிறது என்றார், இவர் அது வேறு யாருடைய எக்ஸ்ரேயோ என்றார். மாடிப்படியைப் பக்கவாட்டில் ஏறுகிறார், ஏன் என்றால் படி கோணலாம். ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கெஞ்சி என் வாய்தான் தேய்ந்தது. போன வருஷம் மலையில் இருந்து வெறுங்கையோடு வந்து மானெல்லாம் ஓநாய் தின்றுவிட்டது என்றாரே, அவர் வண்டியை விட்டே இறங்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும், பூட்ஸ் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

இந்த வருஷம் தனியாகப் போனால் மானை இழுத்து வர ஆள் இல்லை, அதனால் திடீரென்று மகன் ஞாபகம் வந்தது. டிரெவர் பதிமூன்று வயதில் ஒரு மானைக் குறி பார்த்துவிட்டுச் சுடாமல் துப்பாக்கியை இறக்கினானே, அன்றிலிருந்து இவருக்கு அவன் பாதிரியார்தான், மானுக்கு ஆசீர்வாதம் கொடுத்து அனுப்பியவனாம். அவனும் அதற்குப் பிறகு மலைப்பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. இப்போது இவர் ஃபோன் பண்ணி, "என்ன பாதிரியாரே, சும்மாதான கெடக்க, கெளம்பி வா, மலைக்குப் போவோம்" என்றார். இது ஒரு அழைப்பா? ஆனால் அந்தப் பிள்ளை பில்லிங்ஸில் வேலைக்கு லீவு போட்டு, புது பூட்ஸ், ஆரஞ்சு உடுப்பு, லைசென்ஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு ஓடி வந்து நின்றான். கல்யாணத்தன்றுகூட அவன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷக் கிண்டலுக்கு இவ்வளவு மலிவாகவா போவது?

மலையில் நடந்ததை டிரெவர் பிறகு என்னிடம் சொன்னான். வண்டியை அவன்தான் ஓட்டினான். ஏறுகிற இடம் வந்ததும் இறங்கலாமா என்று கேட்டிருக்கிறான், இவர் "இங்க மான் இருக்காது, மேல போ" என்றார். அடுத்த இடத்தில் காற்று சரியில்லை, அதற்கடுத்த இடத்தில் பனி சரியில்லை. அந்த மலையில் உன் அப்பாவின் முழங்காலைத் தவிர வேறெதுவும் சரியாக இல்லை போலிருக்கிறது. அப்படியே போகும்போது இவர் உட்கார்ந்திருந்த பக்கம், ரோட்டை ஒட்டிய சரிவில் பைன் மரங்களுக்கு நடுவே ஒரு கொம்பன் மான் நின்றது. தலையை இப்படித் திருப்பியது, அப்படித் திருப்பியது. டிரெவர் வண்டியை நிறுத்தி, "அப்பா, மெதுவா எறங்குங்க, ரோட்ட விட்டுத் தள்ளிப் போயிடலாம்" என்று கிசுகிசுத்தான். இவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார், துப்பாக்கியை வெளியே நீட்டினார், ஸீட்டில் இருந்தபடியே உடம்பை முறுக்கிக்கொண்டு சுட்டார். மான் விழவில்லை, ஓடவும் இல்லை, தலையைத் திருப்பி இவரைப் பார்த்தது. மறுபடி சுட்டார், மறுபடி பார்த்தது. இன்னொன்று. நாலாவது குண்டுக்கு ஒரு காது பிய்ந்து பறந்தது, உள்ளே இருந்த பஞ்சு பனியில் கொட்டியது, தலை மட்டும் விடாமல் ஆடிக்கொண்டே இருந்தது.

மரத்துக்குப் பின்னால் இருந்து வனக்காவல் அதிகாரி மரிசா இறங்கி வந்தாள், கையில் அந்தத் தலையை ஆட்டுகிற ரிமோட். ரோட்டில் இருந்து சுடுகிற ஆட்களைப் பிடிக்க வைத்த பொம்மை அது. இந்த மரிசா யார் என்றால் உன் அப்பாவிடம் வகுப்பில் உட்கார்ந்து ரோட்டில் இருந்து சுடக் கூடாது என்று கற்றுக்கொண்ட அதே மரிசா. அவள் வண்டிக்கு வந்து சேர்வதற்குள் டிரெவர் இவர் மடியில் இருந்த துப்பாக்கியைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டு கீழே இறங்கி நின்று, "நான்தாங்க சுட்டேன்" என்றுவிட்டான். அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லையாம், ஒரே நிமிஷத்தில் கிழவனாகிவிட்டாராம். மரிசா ஜன்னல் வழியாகக் குனிந்து, "சார், புருவத்துல என்ன ரத்தம்?" என்று கேட்டாள். "கதவுல இடிச்சுக்கிட்டேன்மா" என்றார். அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டிரெவர் பேரில் வழக்கு எழுதினாள். அப்போது இவர் வாயைத் திறந்தார், உண்மையைச் சொல்வார் என்று நீ நினைப்பாய், "பாத்து சுடக் கூடாதாடா?" என்றார். மகனைப் பார்த்து! இதை டிரெவர் சிரித்துச் சிரித்துச் சொன்னான், எனக்குக் கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் புருவத்தில் பிளாஸ்திரி ஒட்டியது நான். கோணலாக உட்கார்ந்து சுட்டால் துப்பாக்கி பின்னால் உதைக்கும், மேலே இருக்கிற டெலஸ்கோப் புருவத்தில் நிலாப்பிறை மாதிரி ஒரு வெட்டு வெட்டும். என் புருவத்திலும் ஒன்று உண்டு, என் அப்பாவோடு முதல் தடவை மலைக்குப் போனபோது வாங்கியது. "கதவு எப்பங்க அரைவட்டமா இடிக்க ஆரம்பிச்சது?" என்று கேட்டேன். "தூங்கு வெர்னா" என்றார். டிரெவரைப் பிடித்து உலுக்கியதில்தான் அவ்வளவும் வெளியே வந்தது, வந்ததும் வெளியே சொல்லக் கூடாது என்று அவன் என்னிடமே சத்தியம் கேட்டான். "விடுங்கம்மா. நான் என்ன வேட்டைக்காரனா? எனக்கு லைசென்ஸ் போனா பழைய காலண்டர் போன மாதிரி. அவருக்கு அது போச்சுன்னா மிச்சம் என்ன இருக்கு?" என்றான். சத்தியமெல்லாம் செய்யவில்லை. விசாரணை நாளுக்குள் நீங்களாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். "சொல்றேன், சொல்றேன்" என்றார். சொன்னார். எங்கே என்கிறாய், காபிக்கடையில்.

விசாரணைக்கு முந்தின நாள் நானும் அவரும் அங்கே இருந்தோம். பக்கத்து மேஜையில் தீவனக்கடை ஆர்வினும் அவர் கூட்டமும். ஆர்வின் லேசாகக் கிளறிவிட்டதுதான் தாமதம், உன் அப்பா முள்கரண்டியைத் துப்பாக்கியாகப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். "நான் சொல்றேன், டேய் பாதிரியாரே, குளிர்ல அதுக்கு மூச்சுப் புகையே வரல, உத்துப் பாருடான்னு. கேட்டாத்தான? டமார்! அது தலைய ஆட்டுது. டமார்! தலைய ஆட்டுது. மூணு குண்டு! மானு சாகல, நான்தான் சிரிச்சே செத்தேன்" என்றார். மூச்சுப்புகை வரை யோசித்து வைத்திருக்கிறார், பார்த்துக்கொள். எல்லோரும் மேஜையைத் தட்டிச் சிரிக்கிறார்கள். நான் எழுந்து அங்கேயே போட்டு உடைத்துவிடலாம் என்று நாற்காலியைத் தள்ளினேன், அப்போதுதான் வாசலில் டிரெவர் நிற்பதைப் பார்த்தேன். கோட்டில் பனி உருகிச் சொட்டுகிறது, ரொம்ப நேரமாக நிற்கிறான். உன் அப்பாவும் பார்த்துவிட்டார். டிரெவர் வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி வைத்து, "நாலு குண்டுப்பா. ஒண்ண விட்டுட்டீங்க" என்றான். கூட்டம் முன்னைவிடப் பெரிதாகச் சிரித்தது. டிரெவரும் கூடவே சிரித்தான், ஹக்கிள்பெர்ரிப் பழப் பலகாரம் ஒரு துண்டு கொண்டு வரச் சொன்னான். உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தவர் அன்று ராத்திரிச் சாப்பாடுவரை வாயைத் திறக்கவில்லை, அவர் வாய் அவ்வளவு நேரம் மூடியிருந்து நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் கோர்ட்டில் மொத்தமே நாங்கள் மூன்று பேர், மரிசா, நீதிபதி, குமாஸ்தா. நீதிபதியம்மா டிரெவர் பேரைக் கூப்பிட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் முழங்கால் சத்தம் கேட்டது, உன் அப்பா முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார். "அம்மா, அவன் பொய் சொல்லப் போறான், சொல்ல விடாதீங்க" என்றார். "சுட்டது நான். வண்டிக்குள்ள உக்காந்துக்கிட்டே சுட்டேன், என்னால எறங்க முடியாது, நடக்கவும் முடியாது. மூணு குண்டு பொம்மைன்னு தெரியாம. நாலாவது தெரிஞ்சே சுட்டேன், அது என்னையே பாத்துக்கிட்டிருந்துச்சு" என்றார். நடக்க முடியாது என்ற வார்த்தை அவர் வாயில் இருந்து வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு டிரெவரிடம், நீ ஏன் உன் தலையில் போட்டுக்கொண்டாய் என்று கேட்டார். அவன் கையில் இருந்த தொப்பியை ஒரு சுற்றுத் திருப்பினான். "என்னைய வேட்டைக்குக் கூப்பிட்டாருங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான். உன் அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதிகாரியிடம் பொய் சொன்னதற்கு டிரெவருக்கு நல்ல திட்டு கிடைத்தது, உன் அப்பாவுக்கு அபராதம், இரண்டு வருஷம் வேட்டை கிடையாது, வகுப்பு இனி எப்போதும் கிடையாது. வெளியே வரும்போது மரிசா, "புருவத்தப் பாத்தப்பவே தெரியும் சார். நீங்களா சொல்வீங்கன்னுதான் இருந்தேன். ரொம்ப லேட் பண்ணிட்டீங்க" என்றாள். "ஆமாம்மா" என்றார். அந்த ஒரு இடத்தில் எனக்கு அவர்மேல் இருந்த வெறுப்பு கொஞ்சம் இறங்கியது, ரொம்ப இல்லை.

கோர்ட்டில் சொன்னால் போதாது, ஊர் உட்கார்ந்திருப்பது காபிக்கடையில் என்று நான் சொன்னேன். மறுபேச்சு இல்லாமல் வந்தார். கடை நடுவில் நின்று, "நேத்து நான் சொன்னது பூராவும் பொய்யி. மானச் சுட்டது இவன் இல்ல, நான்" என்றார். பிறகு ஆர்வின் எழுந்து வந்து அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார், கண் கலங்கியிருக்கிறது. "வெண்டல், இதுதான்யா அப்பன்! மகனுக்காகப் பழிய நீயே தலையில போட்டுக்கிட்டியா!" என்றார். கடை முழுக்கக் கைதட்டியது. உன் அப்பா பதறிப் போய், "யோவ், நெசமாவே நான்தான்யா, இந்தப் புருவத்தப் பாரு" என்கிறார், அவர்கள் இவர் முதுகைத் தட்டுகிறார்கள். நீயாவது ரோட்டில் இருந்து சுடுவதாவது, போய்யா என்கிறார்கள். கடைசியில் உன் அப்பா டிரெவர் பக்கம் திரும்பி, "டேய் டிரெவர், நீயே சொல்லுடா" என்று கெஞ்சினார். பாதிரியார் என்று கூப்பிடவில்லை, கவனித்தாயா? உன் தம்பி வாய் நிறைய அந்தப் பழப் பலகாரத்தை அடைத்துக்கொண்டு, பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அப்பா என்ன சொல்றாருன்னே எனக்குப் புரியலையே" என்றான். எனக்கு வந்த சிரிப்பில் காபி மூக்கில் ஏறிவிட்டது.

அன்றிலிருந்து தினமும் காலையில் போய் நான்தான் சுட்டேன் என்று சண்டை போட்டுவிட்டு வருகிறார். சொல்லச் சொல்ல அவர் தியாகியாகிக்கொண்டே போகிறார், கடையில் இவரிடம் காபிக்குக் காசுகூட வாங்குவதில்லையாம். நான் ஒரு வார்த்தை சொன்னால் நம்புவார்கள், சொல்லவும் செய்வேன், உன் தம்பி பேர் அவர்களிடம் கெட்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் டிரெவர் கொஞ்ச நாள் போகட்டும் அம்மா என்கிறான், அவனுக்கும் ஒரு வேட்டை சீஸன் வேண்டாமா. வலது முழங்காலுக்கு ஃபிப்ரவரியில் ஆபரேஷன், அவரே டாக்டருக்கு ஃபோன் பண்ணினார். டிரெவர் வந்து கூட இருக்கிறேன் என்றிருக்கிறான்.

நீ வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே, உன் தோல் என் தோல், சட்டென்று கருகும். ராத்திரி ட்யூட்டி முடித்துப் பசியோடு படுக்காதே. தம்பிக்கு அந்தப் படத்துக்காக ஒரு வார்த்தை மன்னிப்பு எழுது, நீட்டி முழக்க வேண்டாம். கடவுள் உன்னையும் உன் வீட்டுக்காரரையும் நோய் நொடியில்லாமல் வைத்திருக்கட்டும், உங்கள் வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லாமல் இருக்கட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா ஃபோன் பண்ணுவார், மகளாவது நம்புவாள் என்ற நினைப்பில் ஆதியோடு அந்தமாக எல்லாவற்றையும் சொல்வார். நீ நம்பத்தான் வேண்டும், பாவம், வேறு யார் இருக்கிறார்கள் அவருக்கு. ஆனால் உடனே நம்பிவிடாதே.

அன்பும் முத்தங்களும்,
உன் அம்மா
வெர்னா