ஒன்றுமில்லை என்பதற்கும் நாலு வேண்டும்

இன்று காலை கல்லாற்றின் ஆழம் மைனஸ் ஒன்றேகால் மீட்டர் என்று நம் வெள்ள எச்சரிக்கை ஆபீஸ் திரை காட்டியது. ஆறு என்ன பாதாளத்தில் ஓடுகிறதா என்று ஆபீஸில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த உன் குரல்தான் கேட்டது. கேபிள் அறுந்திருக்கிறது, ஆளை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

அறுந்தால் மைனஸ் காட்டும்படி திருத்தி வைத்தவள் நீ. அதற்கு முன் அந்த ஆற்றுக்கு ஸ்கேலிங் எழுதியவள் நான். தண்ணீருக்குள் கிடக்கும் சென்சார் மின்னோட்டத்தை அனுப்பும். கரையில் இருக்கும் பெட்டியில் சொருகிய மாட்யூல் அதை வாங்கும். எத்தனை மில்லி ஆம்பியருக்கு எத்தனை மீட்டர் என்று நாம் ஒரு வரி எழுத வேண்டும், ஸ்கேலிங் என்பது அவ்வளவுதான். ஆழமே இல்லாவிட்டாலும் நாலு மில்லி ஆம்பியர் வரும்; கேபிள் அறுந்தால்தான் ஒன்றும் வராது. ஐந்து மீட்டருக்கு இருபது. நானோ பூஜ்யம் முதல் இருபது என்று எழுதித் தொலைத்தேன். ஆழம் எப்போதும் கூடுதலாகவே காட்டியது. கூடக் காட்டினால் நல்லதுதானே, ஜனங்கள் ஜாக்கிரதையாக இருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் வேறு.

ஆற்றுக்கு மேலே பொன்முடி மலையில் மழை கொட்டிய அந்த மத்தியானம் திரையில் பூஜ்யம். "ஆறு அமைதியாத்தான் இருக்கு" என்றேன். நீ சோற்றுக் கையோடு எழுந்து வந்தாய்.

"ஏட்டி, மழையில ஆறு வத்துமா? ஒயரு அறுந்துல்லா கிடக்கு!"

ஆற்றோரக் கடைக்காரருக்கு போன் போட்டு, தண்ணீரில் ஆள் இருந்தால் சீக்கிரம் கரையேறச் சொல்லுங்கள் என்று மலையாளத்தில் கத்தினாய். "சேட்டா, வெள்ளத்தில் ஆளுண்டோ? வேகம் கேறான் பறயூ!" குளித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறியது. பின்னாலேயே மலைவெள்ளம் வந்ததாம்.

"நாலை முழுங்கிட்டியே பிள்ளே. ஒண்ணுமில்லைன்னு சொல்லதுக்கும் நாலு வேணும். சத்தமே வரலைன்னா அது வேற, கேட்டியா?" என்றாய். மேலதிகாரி கேட்டபோது, "எங்க ரெண்டு பேரு தப்பும்தான் சார்" என்றாய். உனக்கு அதில் என்ன பங்கு?

நீ படுக்கையில் விழுந்த பிறகு தினமும் சாயங்காலம் உன் குரல்பதிவு வரும். "ஒண்ணுமில்லட்டி, நல்லாத்தான் இருக்கேன்." பிறகு மூன்று நாள் எதுவும் வரவில்லை. தூங்குவாய், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் கரமனை, உன் வீடு. நான் ஏறவில்லை. நாலாம் நாள் உன் வீட்டுக்காரர் கூப்பிட்டார். "விடியக்காலைல போயிட்டாக்கா. மூணு நாளாப் பேச்சு நின்னு போச்சு. உங்களுக்கு போன் போடச் சொல்லிக் கைய நீட்டிக்கிட்டே இருந்தா. எனக்குத்தான் புரியல." அந்த மனிதரைத் தேற்றினேன். என்னைத் தேற்ற நீ இல்லை.

போன வாரம் நாகர்கோவிலில் இருக்கும் என் தங்கை ஒரு நாள் முழுக்க போனை எடுக்கவில்லை. தம்பானூரில் பஸ் பிடித்து இரண்டு மணி நேரத்தில் அவள் வாசலில் நின்றேன்.

"சார்ஜர் ரிப்பேரு. இதுக்கா அக்கா இம்புட்டுத் தூரம் ஓடி வந்தே? கிறுக்கா உனக்கு?" என்று ஏசினாள். நான் சிரித்தேன். அவள் காப்பி போட உள்ளே போன பிறகு அழுதேன். இதே ஏச்சை உன் வாயால் வாங்கியிருக்க வேண்டும், பிள்ளே.