போர்வைக்கு அடியில் பாதிப் போர்

அன்புள்ள அண்ணனுக்கு,

கடல்மேல் வாழும் மூன்றாம் இன்ஜினியர் அவர்களின் மேலான கவனத்திற்கு, வீட்டுத் தலைமைத் தளபதி அலுவலகம் வெளியிடும் அவசர அறிவிப்பு. நேற்றுப் பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, நீலச் சட்டைப் படையின் இருநூறாவது சிப்பாய்க்கு இடது புருவம் வெற்றிகரமாக வரைந்து முடிக்கப்பட்டது. வலது புருவம் குறித்துப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. பொதுமக்கள் பதற்றமடைய வேண்டாம்.

நாங்கள் எல்லோரும் நலம். நீயும் உன் இன்ஜினும் நலமா? போனில் இரண்டு நிமிடம் கிடைத்தால் அதில் ஒன்றரை நிமிடம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். டைப் அடித்து உன் கம்பெனி ஆபீசுக்கு அனுப்பினால் அவர்கள் கப்பலுக்குத் தள்ளிவிடுவார்களாம். நடுவில் இதைப் படிக்கும் ஆபீஸ் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: ஐயா, புருவம் என்பது ரகசியக் குறியீடு இல்லை, புருவம்தான். நானும் என் அண்ணனும் சாப்பாட்டு மேசைமேல் சுண்டுவிரல் உயரச் சிப்பாய் பொம்மைகளை நிறுத்தி, இஞ்ச் டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிப் போர் செய்கிறவர்கள். இதனால் எந்த நாட்டுக்கும் ஆபத்தில்லை. அப்படியே, ஏழு மாதக் காண்ட்ராக்டில் போன அண்ணனுக்கு இது பதின்மூன்றாவது மாதம் என்பதையும் தாங்கள் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ளவும்.

ஊரடங்கில் ஊர் அடங்கிவிட்டது, நான்தான் அடங்கவில்லை என்று அம்மா சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரை மாதிரி தினம் இரண்டு வேளை சொல்கிறாள். தெருவில் கடைகளுக்கு முன்னால் சுண்ணாம்பு வட்டம் போட்டிருக்கிறார்கள். வட்டத்துக்கு ஒருவராகப் பையோடு நிற்பதைப் பார்த்தால் நீ நிறுத்தும் அணிவகுப்பு மாதிரியே இருக்கிறது. நம் சிப்பாய் ஒரு முறைக்கு ஆறு அங்குலம் முன்னால் போகலாம். ஊர்ச் சிப்பாய்கள் ஆறடி பின்னால் போகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த நாலு மாதத்தில் நான் சாதித்தவற்றைக் கேள். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பிய்க்காமல் கிடந்த அத்தனை பொம்மைகளையும் வெட்டி, தேய்த்து, ஒட்டிவிட்டேன். ஒரு சிப்பாய்க்கு மட்டும் இரண்டு இடது கை. அவனைப் பேண்ட் வாத்தியத்தில் சேர்த்திருக்கிறேன். பெயின்ட் கடை மூடியிருப்பதால் அப்பாவின் ஸ்கூல் பஸ்ஸுக்கு வாங்கி மிஞ்சிய மஞ்சளைக் குதிரைகளுக்கு அடித்தேன். பன்னிரண்டு குதிரைகள் பளபளவென்று நிற்கின்றன. முதுகில் "பள்ளி வாகனம்" என்று எழுதவேண்டியதுதான் பாக்கி. தெர்மாகோலில் மூன்று குன்று, பாத்திரம் தேய்க்கும் நாரில் முப்பது மரம், காய்ந்த டீத்தூளில் இரண்டு மைதானம். நாம டீ போடறது குடிக்கவா இல்ல தரை போடவா என்று அம்மா கேட்டாள். இரண்டுக்கும்தான் என்றேன். அடுத்த நாளிலிருந்து என் டம்ளர் பாதிதான் நிறைகிறது.

ஆட்டத்தில் சேராமல் பெட்டியில் கிடந்த உன் சிவப்புச் சட்டைக்காரர்களையும் விடவில்லை. உதிர்ந்த இடத்திலெல்லாம் அம்மாவின் நகப்பூச்சைத் தொட்டு வைத்தேன். உன் படையைப் பற்றிக் கவலையே வேண்டாம், அம்மா வேலை செய்யும் மருந்துக்கடையில் படைக்கு நல்ல களிம்பு இருக்கிறது.

அம்மாவுக்கு லீவு கிடையாது. தினமும் காலை எட்டரைக்கு ஸ்கூட்டரில் கிளம்பிவிடுகிறாள். மூக்கின்மேல் முகக்கவசம் அழுத்திய கோடு சாயங்காலம் வரை அழிவதில்லை. ஒருநாள் அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால், மூடிக்குள் ஒரு காவல் சிப்பாய், கையில் சின்ன அட்டை: "கை கழுவியாச்சா? உத்தரவு, தளபதி." வீட்டுக்கு வந்து என் காதைத் திருகுவாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டு வந்தாள். அந்தச் சிப்பாயைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கை கழுவும் மருந்து பாட்டில்மேல் நிறுத்திவிட்டாளாம். ஒரு தாத்தா, இவரு என்ன விலைம்மா என்று கேட்டாராம். இவர் விற்பனைக்கில்லை, என் சின்னப் பையனோட ஆளு என்று சொன்னாளாம். பெரிய பையன் எங்கே என்று அவர் கேட்டிருக்கிறார். கடல்ல இருக்கான், வந்துருவான் என்று சொல்லிவிட்டு மருந்துச் சீட்டை இரண்டு முறை படித்தேன்டா என்றாள்.

அப்பாவின் பஸ் ஷெட்டிலேயே நிற்கிறது. ஸ்கூல் இல்லை, ஆனால் பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று தினமும் காலையில் போய் ஸ்டார்ட் பண்ணி இருபது நிமிடம் ஓடவிட்டு வருகிறார். மீதி நேரத்தில் என் ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். முப்பது வருஷம் ஸ்டியரிங் புடிச்ச கை, பிரஷ் புடிக்காதா என்று வசனம் பேசி, கண்ணாடிமேல் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரே மதியத்தில் நாலு குதிரை, ஒரு வேட்டி, ஒரு பூனை எல்லாம் மஞ்சள். பூனை நம் வீட்டுப் பூனையில்லை, அதனால் வழக்கு எதுவும் வரவில்லை. அவருக்கு வாலை மட்டும் ஒதுக்கியிருக்கிறேன். வாளை நான் பார்த்துக்கொள்கிறேன். வீட்ல ஏற்கெனவே ஒரு வாலு இருக்கு, அது போதாதா என்று என்னைப் பார்த்துக் கேட்கிறார்.

ஐஸ் குச்சியில் ஒரு கவண் எந்திரமும் செய்தேன். சோதனை ஓட்டத்தில் குண்டு ஜன்னல் வழியாக மேலே போய், மாடி வீட்டுக் கணக்கு டீச்சர் ஆன்லைனில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது அவர் டீயில் விழுந்துவிட்டது. டேய், நாற்பது பசங்க பார்க்க எனக்குக் குண்டு போட்டுட்டியேடா, அது எந்தக் கோணத்துல வந்துச்சுன்னு கணக்கு போட்டு நாளைக்குக் கொண்டா என்று பால்கனியிலிருந்து கத்தினார். கொண்டுபோனேன். தப்பு என்று திருப்பி அனுப்பினார். எதிரியிடமே மார்க் வாங்கவேண்டிய நிலை.

நம் பெரிய மேசையைப் பற்றி நீ போனில் கேட்டாய், அதற்குள் லைன் போய்விட்டது. மேசை அங்கேயேதான் இருக்கிறது. நம் ஆட்டத்தின்மேல் அதே பூப்போட்ட போர்வைதான். நாங்கள் இன்னும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். அப்பாவின் முட்டி மட்டும் எழும்போது ஒருமுறை சத்தம் போட்டு எதிர்ப்புத் தெரிவிக்கும். போர்வையை மடிச்சு வெச்சிடலாமே என்று சித்தி ஒருமுறை போனில் சொன்னதற்கு, அவன் பாதி ஆட்டத்துல விட்டுட்டுப் போயிருக்கான், இருக்கட்டும் என்று அம்மா பட்டென்று சொல்லிவிட்டாள்.

நீ முதல் தடவை கப்பலுக்குப் போனபோது எனக்குப் பத்து வயது. பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். (இதை ஆபீஸ் பெரியவர்கள் படிக்க வேண்டாம்.) பாதி ஆட்டத்துல விட்டுட்டுப் போறேன்டா, முடிக்க வராம இருப்பேனா, எவனும் தொடக் கூடாது என்று சொல்லி நீதான் போர்வையைப் போட்டாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். நீ திரும்பி வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் போர்வையைத் தூக்கி முதல் நகர்வை வைப்பாய். அதன் பிறகுதான் அம்மாவுக்கே பதில் சொல்வாய்.

இப்போதும் உன் முறைதான். நீ பள்ளத்தாக்கில் வசமாக மாட்டியிருக்கிறாய். உன்னைத் தோற்கடிக்க மூன்று வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். மூன்றுமே உறுதியான வழி. இந்த வட்டாரத்திலேயே எனக்கு நிகரான தளபதி இல்லை.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போய் அந்த வலது புருவத்தையும் வரைந்துவிட்டு வந்தேன். அது நெற்றிக்கு ஏறிவிட்டது. அவன் என்னையே ஆச்சரியமாகப் பார்க்கிறான். இதற்குமேல் சுற்றிப் பேச ஒன்றும் மிச்சமில்லை. சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் உன் கப்பல் கரைக்கு வருகிறது, ஆள் மாற்றப் போகிறார்கள், நீ இறங்கலாம் என்று செய்தி வந்தது இல்லையா? அம்மா அன்று உன் தலையணை உறையைத் துவைத்துப் போட்டாள். நான் மேசையைச் சுற்றித் துடைத்தேன். மறுநாள் ஞாயிறு, அம்மாவுக்குக் கடை அரைநாள்தான். மத்தியானம் உன் போன் வந்தது. கரைக்கு விடமாட்டேங்கறாங்கம்மா, பரவாயில்ல, சாப்பாடு நல்லாத்தான் இருக்கு என்று சொன்னாய். இது மூன்றாவது தடவை. அம்மாவும் பரவாயில்லப்பா என்றுதான் சொன்னாள். அப்புறம் கழுவிக் கவிழ்த்த தட்டை எடுத்து மறுபடி கழுவினாள். அப்பா பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணப் போகிறேன் என்று கிளம்பினார், காலையில் ஒருமுறை போய்வந்தவர். இரண்டு மணி நேரமாகியும் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரோ ஓடி வந்து ஏறப்போகிற மாதிரி, படியையே பார்த்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்திருந்தார். பேட்டரி ஏறணும்ல என்றார்.

நான் வீட்டுக்கு வந்தேன். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. உன்மேல், கப்பல்மேல், எல்லாவற்றுக்கும் மேல் அந்தப் பூப்போட்ட போர்வைமேல். ஆட்டம் பாதியில் இருந்தால் வந்துவிடுவாயாமே, எங்கே வந்தாய்? போர்வையை இழுத்துத் தரையில் போட்டேன். ஆட்டத்தை முடித்துவிட்டேன், அண்ணா.

ஏமாற்றவில்லை. உன் முறை வரும்போது எழுந்து மேசையைச் சுற்றி உன் பக்கம் போய் நின்று, நீ யோசிப்பது போலவே நாக்கைத் தட்டி யோசித்து, நீ என்ன செய்வாயோ அதைத்தான் செய்தேன். சாயங்காலத்துக்குள் என் மூன்று வழியும் மண்ணைக் கவ்வின. சிவப்புச் சட்டை ஜெயித்துவிட்டது. உனக்காக ஆடியபோது ஜெயித்தேன், எனக்காக ஆடியபோது தோற்றேன். நீ ஜெயித்தால் என் தலையைக் கோழிக்கூடு மாதிரி கலைத்துவிட்டு, போடா தோத்தாங்குளி, டீ போட்டுக்கிட்டு வா என்பாய். நான் தலையைக் கொஞ்சம் குனிந்துகூட நின்றேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

பயந்துபோய் எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைக்க ஆரம்பித்தேன். நீ கிளம்பிய அன்று போர்வை போடுவதற்கு முன்னால் நான் ஒரு போட்டோ எடுத்திருந்தேன், நான் ஜெயிக்கப்போவதற்கு ஆதாரமாக. அதைப் பார்த்து ஒவ்வொன்றாக அளந்து நிறுத்தினேன். அப்பா வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்தார். எல்லாம் சரியாக வந்தது. ஆனால் அது செல்ஃபி, முன்னால் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு நானும் நிற்கிறேன். என் முப்பத்திரண்டு பல்லும் தெரிகிறது. என் தலைக்குப் பின்னால் இருக்கும் குன்று தெரியவில்லை. குன்றுக்குப் பின்னால் நீ ஒளித்து வைத்திருந்த ஐந்து குதிரை வீரர்கள் எங்கே நின்றார்கள் என்று, கோபத்தில் கவனிக்காமலே நகர்த்திவிட்ட எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியாது. உனக்கு மட்டும்தான் தெரியும்.

அவர்களை மேசை ஓரத்தில் வரிசையாக நிறுத்தி, அவர்களையும் சேர்த்துப் போர்வை போட்டிருக்கிறேன். எத்தனை அங்குலம், எந்தப் பக்கம் என்று எழுதி அனுப்பிவிடாதே. போனிலும் சொல்லாதே, சொன்னால் லைன் சரியில்லை, கேட்கவில்லை என்று வைத்துவிடுவேன். நீயே வந்து வை. ஷூவைக் கழற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
தோத்தாங்குளித் தம்பி