ஐந்து கோப்பை பீட்ரூட் சாறு

ஃபிரானெகர்,
மார்ச் 9

அன்புள்ள மச்சான் யெல்லேவுக்கு,

உன் தங்கை ஃபெம்கெயிடமிருந்து ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள், தினமும் இரண்டு தடவை ரத்தம் எடுத்தார்கள். ஒரு தடவையே அதிகம். இதய வால்வு ஆபரேஷன் தள்ளிப்போனது அதனால்தான். போனில் நீ கேட்டபோது மழுப்பினேன்.

மூச்சுத்திணறலென்று முதலில் நுரையீரல் வார்டில் சேர்த்தார்கள். 'தினமும் காலை ரத்தம்' என்று கணினியில் பதிந்தார்கள். இதய வார்டுக்கு மாற்றியதும் அங்கேயும் அதையே புதிதாகப் பதிந்தார்கள். பழையதை யாரும் நிறுத்தவில்லை. ஆறு மணிக்கு ஒருத்தி ஊசியோடு வருவாள், ஏழு மணிக்கு இன்னொருத்தி. ஃபெம்கெ வெளுத்துப் போனாள். இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். ஏன் குறைகிறதென்று பார்க்க மறுபடியும் எடுத்தார்கள். கடைசியில், உடம்பு தேறட்டுமென்று ஆபரேஷன் செய்யாமலே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆபரேஷன் தள்ளிப்போனதற்கே வழக்குப் போடு என்று நீ எழுதியிருந்தாய். போட்டால் தலைமை மருத்துவர் டெர் ஹார் வக்கீலை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார். எனக்கு அவர் முகம் வேண்டியிருந்தது. புகார்க் கூட்டத்துக்குப் பால் பாட்டிலில் அறுநூறு மில்லி பீட்ரூட் சாறு கொண்டுபோனேன். எடுத்த ரத்தத்தின் அளவு அது. இருந்த ஐந்து பேருக்கும் காப்பி தந்தார்கள், ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடினார்கள். காப்பி தீர்ந்ததும் ஐந்து கோப்பையிலும் சாற்றை ஊற்றி அவர் முன்னால் வரிசையாக வைத்தேன்.

"பிஸ்கட் ஒண்ணோட டப்பாவ மூடத் தெரியுதில்ல டாக்டர், ஊசிய மூட மட்டும் ஏன் தெரியல?" என்றேன்.

பாதுகாப்புக்காகத்தான் என்று ஆரம்பித்தார். "ஊசி குத்தறதுக்கு முன்னாடி முந்தின நாள் ரத்த முடிவ யாராவது ஒருத்தர் படிச்சீங்களா? அத மட்டும் சொல்லுங்க" என்றேன். அவர் காது சிவந்தது. அதை நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், யெல்லே. நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். ஃபெம்கெ சிரிக்கவில்லை. "ஏழாம் நாளு, வேணாம்னு நான் கைய இழுத்துக்கிட்டேன். அப்ப நீ என்ன சொன்ன சீட்ஸே?" என்றாள்.

நான் சொன்னது இதுதான்: "எடுக்கட்டும்டி, எத்தனை தடவை பாக்கறாங்களோ அவ்வளவு நல்லது." விதை உருளைக்கிழங்கு லாரியில் மூட்டைகளை இரண்டு முறை எடை போட்டுப் பார்க்காமல் நான் ஏற்றுவதில்லை. எத்தனை முறை எடை போட்டாலும் மூட்டை குறையாது. அந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவில்லை. கையை நீட்டச் சொன்னவன் நான்தான்.

இனி அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே மாட்டேன் என்றிருந்தாள். இந்தக் கோடையை வால்வு தாங்காது என்கிறார்கள். நேற்றுதான் இறங்கி வந்தாள். ஆபரேஷனுக்குத் திங்கட்கிழமை போகிறோம். ஞாயிறன்று அவளைக் கூப்பிட்டு, அண்ணனாக நாலு வார்த்தை தைரியம் சொல். நான் சொன்னால் எடுபடாது.

டெர் ஹார் கையெழுத்திட்ட நிபந்தனைகள் இவை: எந்தப் பரிசோதனைக் கட்டளையும் இரண்டு நாளில் தானே நின்றுவிடும், வார்டு மாறினால் பழைய முடிவைப் படித்த பிறகே புதிது, எடுப்பது குழந்தைகளுக்கான சின்னக் குழாயில், ஒவ்வொரு தடவையும் அவரே கட்டிலருகே வந்து காரணம் சொல்ல வேண்டும். ஃபெம்கெ எனக்கு வைத்தது ஒன்றுதான்: அவர் காரணம் சொல்லும்போது நான் வாய் திறக்கக் கூடாது; போதுமா வேண்டுமா என்பதை அவளே சொல்வாள். ஒப்புக்கொண்டேன்.

உன் மைத்துனன்,
சீட்ஸே