மூன்று ஆட்டம், மூன்று சைபர்

பிரிக்பீல்ட்ஸ் துணிக்கடை வாசலில் நேற்று நீல ஜெர்சிகள் தொங்கின. முதுகில் எல்லாம் பெண்களின் பெயர்கள். இரண்டு முறை இறுதியாட்டம் வரை போய்த் தோற்ற இந்தியப் பெண்கள், இந்த முறை கிரிக்கெட் உலகக் கோப்பையைத் தூக்கிவிட்டார்கள். உன்னிடம் சொல்லக் கைப்பேசியை எடுத்தேன். எடுத்த பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது.

பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்களின் உலகக் கோப்பை நம் ஊருக்கே வந்ததே, அந்த ஜனவரி. மலேசியா அதில் ஆடியது அதுதான் முதல் தடவை. இந்தியாவோடு ஆட்டம் என்றதும் நாம் வேலை பார்த்த பல் கிளினிக்கில் லீவு சொல்லிவிட்டு இருவரும் கிள்ளான் மைதானத்துக்குக் கிளம்பினோம். நம் மலேசியப் பிள்ளைகள் முப்பத்தொரு ரன்னில் சுருண்டார்கள். மட்டையோடு ஒருத்தி போவதும், அவள் முகம் மறக்குமுன் திரும்பி வருவதுமாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதுகளை எதற்கு ஆடவிட்டார்கள் என்று சத்தமாகவே கேட்டேன்.

நீ என் பக்கம் திரும்பவில்லை.

"நானும் மலேசியாவுக்காக ஆடியிருக்கேன்டி. மூணு மேட்ச். மூணுலயும் சைபர்."

பதினெட்டு வருஷம் ஒரே கவுன்டரில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. உன் பிரசவத்துக்குக் கூட வந்தவள் நான். எனக்கே இது தெரியாது. அப்புறம் நீயே சொன்னாய்: ஆடிவிட்டு ஊர் திரும்பியதும் ஒரு கல்யாண வீட்டில் யாரோ 'சைபர்' என்று கூப்பிட, அதுவே பெயராகிப்போனதாம்.

இந்தியா மூன்று ஓவருக்குள் ஆட்டத்தை முடித்தது. கூட்டம் கலைந்தபோது நீ எல்லைக் கயிறு வரை நடந்தாய். அங்கே ரன் எடுக்காமல் அவுட்டான ஒரு மலாய்ப் பெண் அழுதுகொண்டிருந்தாள். அடுத்த மேட்ச்சுக்கு நான் வருவேன், நீ வருவாயா என்று மலாயில் கேட்டாய். அவள் தலையாட்டும்வரை நகரவில்லை. சொன்னபடி போனாய். என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். அன்றும் தோற்றார்கள்.

நான்கு மாதம்கூட ஆகவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பியவள் காருக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டாய்.

இறுதிச் சடங்கன்று சுங்கை பூலோவில் உன் வீட்டுக்கு, எனக்குத் தெரியாத நான்கு பெண்கள் வந்திருந்தார்கள். உன்னோடு ஆடியவர்களாம். நீ சொன்ன மூன்று சைபரைப் பற்றிக் கேட்டேன். அவர்களில் மூத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நாலாவது மேட்ச்சுக்கும் அவ பேர் லிஸ்ட்ல இருந்துச்சுக்கா. அவதான் வரல."

இதை மட்டும் ஏன் என்னிடம் சொல்லாமல் போனாய்? உன் உடலுக்கு முன்னால் நின்றுகொண்டு உன்மேல் கோபப்பட்டேன்.

இப்போது சில சனிக்கிழமைகளில் தனியாகவே கிள்ளானுக்குப் போகிறேன். பள்ளிப் பெண்கள் ஆடுகிறார்கள். ஆட்டத்தின் சட்டமெல்லாம் எனக்கு இன்னும் பாதிதான் புரிகிறது. யாராவது ரன் எடுக்காமல் அவுட்டானால், அவள் கூடாரம் போய்ச் சேரும்வரை நின்று கைதட்டுகிறேன். பெரும்பாலும் நான் ஒருத்திதான்.