மணி உத்தரத்தில் போட்ட துளை

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
19-3-1959, வியாழன்

அன்பு மகள் புஷ்பமேரிக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் சர்வேசுரன் கிருபையால் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். அந்த ஜாம்ஷெட்பூர்க் குளிர் விட்டதா, உன் இருமல் நின்றதா, ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி முடித்து வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் படுக்கிறாயா அல்லது பட்டினியாகவே விழுந்து கிடக்கிறாயா என்பதை நீ முதலில் எழுத வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. இன்று தச்சருக்கெல்லாம் காவலான அர்ச். சூசையப்பர் திருநாள். வழக்கம்போல அப்பா உளி, இழைப்புளி, துரப்பணம் எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போட்டு, சாமியார் தீர்த்தம் தெளித்த கையோடு வெள்ளை வேட்டியால் மூடி வைத்துவிட்டார், இனி நாளைக்குத்தான் தொடுவார். பட்டறையில் சத்தம் இல்லாததால்தான் எனக்கு நிதானமாக உட்கார்ந்து எழுத முடிகிறது. வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, சிவப்பி கன்று போட்டிருக்கிறாள், கிடேரிக் கன்று.

உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு எனக்கு வந்த கோபத்துக்கு நீ பக்கத்தில் இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். இருதய மாமா வந்து நிற்காத கல்யாணம் நம் ஊரில் நடந்தால் அம்மாவுக்குத்தான் தலைகுனிவு, அதனால் நாங்கள் இருவரும் இங்கேயே கோயிலில் இரண்டு சாட்சியோடு மோதிரம் மாற்றிக்கொள்கிறோம், நீங்கள் அங்கிருந்தே ஆசீர்வாதம் செய்யுங்கள் என்று எழுதியிருக்கிறாயே, இது யார் உனக்குச் சொல்லிக் கொடுத்த புத்தி? ஒற்றைப் பெண்ணைப் பெற்று வளர்த்தது தபாலில் ஆசீர்வாதம் அனுப்பவா? மாப்பிள்ளை நல்ல பிள்ளை என்று விசாரித்து அப்பா சம்மதம் எழுதிவிட்டார். மூன்று ஞாயிறும் கல்யாண ஓலையை நம் கோயிலில்தான் வாசிப்பார்கள், உயிர்த்த ஞாயிறு கழிந்து வைகாசிக்குள் கல்யாணமும் நம் கோயிலில்தான். இதை நான் சும்மா வீம்புக்குச் சொல்லவில்லை. போன வாரம் இங்கே நடந்ததைக் கேட்டால் நீயும் ஒத்துக்கொள்வாய்.

நம் கோயில் மணி தொங்கிய உத்தரம் கார்த்திகை மழையில் விரிசல் விட்டு, மணியை இறக்கித் தரையில் வைத்திருந்தார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா? புதிதாக வந்திருக்கிற பங்குச் சாமியார் பூசையில் பிரசங்கம் முடிந்ததும், உயிர்த்த ஞாயிறுக்கு மணி அடித்தே ஆக வேண்டும், இருதயநாதன் தன்னிடம் இருக்கிற வேங்கை உத்தரத்தைக் கோயிலுக்குத் தருகிறார், துளை போடுகிற நீளத் துரப்பண அலகு ஸ்தனிஸ்லாஸ் வீட்டில், அதாவது உன் அப்பாவிடம் இருக்கிறது, இரண்டு பேரும் சேர்ந்து முடித்துக் கொடுப்பார்கள் என்று ஊரறியச் சொல்லிவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் மகன் கிறிஸ்துராஜுக்கு உன்னைக் கேட்டு வந்த மாமனிடம், பிள்ளை நர்சுக்குப் படிக்கட்டும் மாப்ளே என்று அப்பா சொன்னதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனவன்தான், அதன் பிறகு இவரோடு ஒரு வார்த்தை கிடையாது. இவரும் லேசுப்பட்டவரா? அவன் முதல் பூசைக்குப் போனால் இவர் இரண்டாம் பூசைக்குப் போவார். கிறிஸ்துராஜுக்கு நல்ல பெண்ணாக அமைந்து ஒரு பிள்ளையும் ஆகிவிட்டது, எங்கே பார்த்தாலும் புஷ்பம் எப்படி இருக்கா அத்தை என்று அவனே கேட்கிறான். ரோஷம் மட்டும் அப்பன்காரனிடம் தங்கிவிட்டது. சாமியார் இதெல்லாம் தெரியாமல் சொன்னாரோ தெரிந்துதான் சொன்னாரோ, சபையில் மறுக்க இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

உத்தரம் நம் பட்டறைக்கு வந்தது, என் தம்பியும் வந்தான். வந்தவன் என்னைப் பார்த்து, என் மரத்தில வேற எவனும் கயிறு சுத்தக் கூடாதுக்கா, அதுக்குத்தான் வந்தேன் என்றான். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, வந்தவங்களுக்கு மோர் குடு என்றார். நீ சின்ன வயதில் பார்த்ததுதான், இருந்தாலும் உன் மாப்பிள்ளை படித்தால் அவருக்கும் புரியட்டும் என்று எழுதுகிறேன். சின்னத் துளை என்றால் வில்லுத் துரப்பணத்தை வைத்து ஒருத்தரே போட்டுவிடலாம். மணியைத் தாங்கும் ஆணி இறங்க இம்புட்டுக் கனமான உத்தரத்தில் மேலிருந்து கீழ்வரை துளை போக வேண்டுமென்றால் கயிற்றுத் துரப்பணம்தான். துரப்பணத் தண்டின் தலையில் சிரட்டையை வைத்து ஒருத்தர் நெஞ்சு கொடுத்து அழுத்த வேண்டும், தண்டில் சுற்றின கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்து மோர் கடைகிற மாதிரி இன்னொருத்தர் பக்கவாட்டில் உட்கார்ந்து இழுக்க வேண்டும். அழுத்துகிறவர் கண்ணுக்கு இடம் வலம் சாய்வது தெரியும், முன்னே பின்னே சாய்வது தெரியாது. அது பக்கத்தில் இருந்து இழுக்கிறவனுக்குத்தான் தெரியும், அவன் அப்போதைக்கப்போது வாயால் சொல்லிக்கொண்டே வர வேண்டும். இந்த இரண்டு பேரும் எந்த வாயால் பேசிக்கொள்வார்கள், நீயே சொல்.

அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி நான்தான். நடுவில் என்னை நிற்க வைத்துக்கொண்டார்கள். அக்கா, முன்னே சாயுதுன்னு சொல்லு என்பான் அவன். முன்னே சாயுதாம் என்பேன் நான். அப்பா நிமிர்த்துவார். சரியாப் போச்சான்னு கேளு என்பார். சரியாப் போச்சா என்பேன். ஏதோ கோர்ட்டில் துபாஷி வேலை பார்க்கிற மாதிரி நான் திரும்பித் திரும்பி இரண்டு பேர் முகத்தையும் பார்த்து என் கழுத்தே சுளுக்கிக்கொண்டது. பக்கத்து வீட்டுச் சிவனம்மாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஏன்க்கா, ஆம்பளைக ரெண்டு பேருக்கும் நாக்குல புண்ணா என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்குச் சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டேன்.

பாதித் துளை போனபோது அடுப்பில் பருப்பு தீய்கிற வாசம் வந்தது. செத்த நேரம், இதோ வாரேன் என்று உள்ளே ஓடினேன். சட்டியை இறக்கி வைத்து, வெஞ்சனத்துக்கு நறுக்கிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டுவிட்டு வந்து பார்த்தால் கயிறு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, துரப்பணம் பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது, உன் மாமன் அதையே பார்த்துக்கொண்டு இழுக்கிறான், வாயைத் திறக்கவில்லை! என்னைக் கண்டதும், அக்கா, பின்னே சாயுதுன்னு சொல்லு என்கிறான். இம்புட்டு நேரம் எங்கேடா போச்சு வாய் என்று நான் கத்தினேன். நீ இல்லையேக்கா, யார்கிட்டச் சொல்றது என்றான், பார்த்துக்கொள்! அப்பா துரப்பணத்தை உருவி, ஒரு கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தார். துளை கோணலாகப் போயிருந்தது. அதில் ஆணி இறங்கினால் கீழே மணியின் காதில் சேராது. சேர்த்து முடுக்கினாலும் மணி ஒரு பக்கம் சாய்ந்து தொங்கி ஒரு நாள் யார் தலையிலாவது விழும். வேங்கை முழுதும் வீணானது போல இரண்டு பேரும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டுதான்.

புஷ்பம், எனக்கு அன்றைக்கு வந்த அழுகையை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? கோயில் மரம் போயிற்றே என்றுகூட இல்லை. ஒரு துளைக்கே வாய் திறக்காதவன் உன் கல்யாணத்துக்கு வந்து எங்கே நிற்கப்போகிறான், என் மகள் அங்கேயே யாரும் இல்லாமல் தாலி கட்டிக்கொள்ளப் போகிறாள், நான் பார்க்கக்கூடக் கொடுத்து வைக்கவில்லை என்றுதான் அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றாகத் திட்டினேன். என்னென்ன திட்டினேன் என்பதை எழுதினால் அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியிருக்கும், வேண்டாம். அப்பா அளந்து பார்த்துவிட்டு, உத்தரத்தின் ஒரு முனையில் ஒரு சாண் மரம் கூடுதலாக இருக்கிறது, இரண்டு துளைகளையும் அந்தப் பக்கம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம், கோணல் துளையை முளை அடித்து அடைத்துவிடலாம் என்று சுவரிடம் சொன்னார். இன்னொரு தரம் கோணினால் தள்ளிப் போட மரம் இல்லை என்பதையும் சுவரிடமே சொன்னார்.

மறுநாள் காலையில் தம்பி வந்தான். இருவரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுப்பங்கரைக்குப் போய்ச் செம்பிலிருந்து வாய் நிறையத் தண்ணீரை எடுத்து அடக்கிக்கொண்டு வந்து நடுவில் நின்றேன். அக்கா, ஆரம்பிக்கலாம்னு சொல்லு என்றான். நான் கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். அவனுக்குப் புரியவில்லை, அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. மீசைக்குள் என்னமோ ஓடியது, சிரட்டையில் நெஞ்சைக் கொடுத்துவிட்டார். கயிறு ஓட ஆரம்பித்தது. மரத்தூள் செக்கச் செவேலென்று சுருண்டு சுருண்டு வந்தது. கொஞ்சம் இறங்கியதும் தண்டு பின்னே சாய்ந்தது, நானே பார்த்தேன். அவனும் பார்த்தான். என்னைப் பார்க்கிறான், நான் இரண்டு கன்னமும் உப்பி நிற்கிறேன். அப்பா குனிந்த தலை நிமிரவில்லை. அவர் நெற்றியிலிருந்து வேர்வை உத்தரத்தில் சொட்டுகிறது. இன்னும் நாலு இழுப்பு போனால் எல்லாம் போச்சு. தேவமாதாவே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன், ஆனாலும் துப்பவில்லை.

பின்னே சாயுது மச்சான் என்றான் உன் மாமன்.

அப்பா தலை நிமிராமலே, எம்புட்டு மாப்ளே என்று கேட்டார். ஒரு நெல்லு கனம் என்றான். நிமிர்த்தினார். இப்பவோ? சரி மச்சான். அதன் பிறகு எனக்கு வேலையே இல்லை. முன்னே, சரி, லேசாப் பின்னே, சரி, கயித்த இறுக்காத மாப்ளே, நீங்க நெஞ்ச மெதுவாக் குடுங்க மச்சான், வயசாகுதுல்ல என்று பழையபடி கடைசி வரை ஓடியது. அலகு கீழே வெளிவந்ததும் நாகல்நகர்க் கொல்லர் அடித்துக் கொடுத்த ஆணியை அப்பா மேல்வாயில் வைத்துக் கையை விட்டார். சுத்தியல் படாமல் தன் கனத்திலேயே வழுக்கிக்கொண்டு அடி வரை இறங்கி நின்றது. நான் வாயிலிருந்த தண்ணீரை விழுங்கினேன். வெதுவெதுவென்று இருந்தது, ஆனாலும் அதுபோல ருசியான தண்ணீரை நான் குடித்ததில்லை. இரண்டாவது துளையும் அப்படியே போட்டார்கள். நாளை மறுநாள் மணியைத் தூக்கப் போகிறார்கள். பெரிய வியாழன், வெள்ளியில் எப்படியும் மணிக்குப் பதில் மரத்தட்டுதான், உயிர்ப்புப் பூசைக்கு மணி அடிக்கும்.

ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பாட்டில் பேச்சு முழுக்க மரத்தைப் பற்றித்தான். உன் பெயரை யாரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கை கழுவினான், துண்டை உதறினான். அன்றைக்குப் போன மாதிரியே தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரை போனவன், திரும்பாமல் தெருவைப் பார்த்தபடியே கேட்டான்: அந்தப் பையன் எம்புட்டு ஒசரம்க்கா?

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. எதுக்குடா என்றேன். கட்டிலு செய்யணும்ல, காலு வெளியே நீட்டிக்கிட்டுத் தூங்குவானா என்று எரிந்து விழுந்தான். உள்ளேயிருந்து அப்பா, துளை போட நான் அழுத்துறேன் மாப்ளே என்று குரல் கொடுத்தார். கட்டிலுத் துளைக்கு வில்லு போதும், ஒங்க ஒத்தாசை வேணாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான், ஆனால் சிரித்துக்கொண்டேதான் போனான், நான் பார்த்தேன். தாய்மாமன் கட்டிலே சீராகச் செய்கிறான் என்றால் கல்யாணத்துக்கு வந்து நிற்க மாட்டானா? ஆகையால் சாட்சி, மோதிரம் என்ற பேச்சையெல்லாம் அங்கேயே மூட்டை கட்டி வைத்துவிட்டு லீவுக்கு எழுதிப் போடு. ரயிலில் சங்கிலியைக் கழற்றிப் பெட்டிக்குள் வை, ஜன்னலோரம் உட்காராதே. உயிர்ப்புக்கு ஆடு வாங்கக் கிறிஸ்துராஜ் அய்யலூர்ச் சந்தைக்குப் போகப் போகிறான், கல்யாணத்துக்கும் அவனே பார்த்துக்கொள்கிறேன் என்கிறான்.

நீ அனுப்பிய போட்டோவில் மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அதை வைத்து உயரம் சொல்ல முடியவில்லை. அடி, அங்குலம் என்று எழுதாதே, உன் மாமன் நம்ப மாட்டான். அவரைச் சுவரோரம் செருப்பில்லாமல் நிற்க வைத்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை நூல் பிடித்து, முனையில் முடிச்சுப் போட்டுக் கடிதத்தோடு உறையில் வைத்து அனுப்பு. சேசுவும் மாதாவும் உங்கள் இருவர் தலையிலும் கைவைத்துக் காப்பார்களாக. அப்பாவின் ஆசீர்வாதமும் என் முத்தங்களும்.

நூலை மறந்துவிடாதே. மாமன் பலகையை இழைத்து வைத்துக்கொண்டு தினமும் தபால்காரரை விசாரிக்கிறான்.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
ஸ். ஆரோக்கியம்மாள்