ஒன்பதாம் வளைவில் அறுந்த அழைப்பு

பெயல் பொய்யாத வெண்குன்ற நாட்டின் வேந்தர், மலைமுடிக் கோபுரங்கள் நூற்றெட்டும் உடையவர், திருவளர் பொறைமாறத் தேவர் ஆணையால் அவர்தம் அமைச்சன் நல்லடிக்கோன் எழுதுவது. அடிவாரத் தாழ்நெல்லி நாட்டை முறை வழுவாது காக்கும் அரையர் வேல்மருகனார் திருமுன் இவ்வோலை வணங்கி நிற்க. நும் ஏரிகள் நிறைக. நும் குடிகளின் அலைபேசிகளில் நல்ல செய்தியே ஒலிக்க.

கணவாய் வாயிலில் நிற்கும் நுமது இரண்டாம் தலைமுறை அலைபேசிக் கோபுரத்தை இம்மாத முடிவுக்குள் இறக்கிவிட நீவிர் ஆணையிட்டதாகக் கேள்வியுற்றோம். நும் கோபுரங்களை யாம் இழிவாக ஒதுக்கியதால் எழுந்த நும் சினம் நியாயமே. அதைத் தணிக்கவும், அக்கோபுரத்தை நிற்கவிடுமாறு இரக்கவுமே எழுதுகிறேன். எம் பெண்டிரின் உயிர் அதை நம்பியிருக்கிறது. மன்னிப்பை ஓலையில் கேட்பதே முறையாதலால் அலைபேசியில் அழைக்கவில்லை. அழைத்திருந்தாலும் பாதியில் அறுந்திருக்கும்.

சென்ற ஆவணியில், மலையூர்த் தேன்கொடி என்பாள் பேறுகால வலியோடு வண்டியில் கணவாய் இறங்கினாள். உடனிருந்த மருத்துவச்சி உமையாண்டாள் தலைநகர் மருத்துவரோடு அலைபேசியில் பேசியபடியே வந்தாள். ஒன்பதாம் வளைவில் குழந்தை பிறந்தது; அழவில்லை. துடைத்து முதுகைத் தேய்க்குமாறும், அப்போதும் மூச்சு வராவிடில் என்றும் மருத்துவர் சொல்லிக்கொண்டிருக்கையில் அழைப்பு அறுந்தது. பதினோரு முறை முயன்றும் கிட்டவில்லை. அவள் தன் கைப்பழக்கத்தை நம்பி ஊதி ஊதி அப்பிள்ளையை மீட்டாள். வேந்தர் பரிசளிக்க முற்பட்டபோது, தனக்குப் பொன் வேண்டாவென்றும், அந்த வாக்கியத்தின் மீதி அந்த வளைவிலேயே வேண்டுமென்றும் முகத்துக்கு நேரே உரைத்தாள்.

பிழை யாருடையது என்று தேடினோம், அது என்னுடையது. நான்காம் தலைமுறைக் கோபுரங்கள் எழுப்பிய விழாவன்று, எம் குடிகளின் அழைப்பு நும் பழங்கோபுரத்தில் போய் ஒதுங்குவது நாட்டுக்கே இழுக்கென்று கருதி, எம் கோபுரங்கள் அழைப்பைக் கைமாற்றத்தக்க அண்டைக் கோபுரங்களின் பட்டியலிலிருந்து நும் கோபுரங்களின் பெயர்களை அடிக்கச் சொன்னவன் நானே. கோபுரங்களின் நுட்பம் அறிந்த கணியர் கொற்றங்குமரர் அன்றே தடுத்தார். புதிய கோபுரம் பேச்சைப் பொட்டலம் பொட்டலமாய்க் கட்டி அனுப்புமென்றும், பழையது பேச்சுக்கென்றே தனிவழி திறக்குமென்றும், அவ்வழி திறந்தபின்னரே அழைப்பைக் கைமாற்ற இயலுமென்றும், பெயரை அடித்துவிட்டால் அது நிகழாதென்றும் விளக்கினார். அவரைப் பழைய பஞ்சாங்கம் என்று அவையோர் சிரிக்கப் பேசினேன். பாறை மறைத்த வளைவில் எம் கோபுரத்தின் பிடி நழுவியபோது, அழைப்பை யாரிடம் கொடுப்பதென்றே அதற்குத் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நேற்று நும் கோபுரத்தின் பெயரைப் பட்டியலில் என் கையாலேயே எழுதினேன். கணியர் அருகில் நின்று அதிலும் ஓர் எண்ணைத் திருத்தினார். பின்னர் உமையாண்டாளை அதே வழியே வண்டியேற்றிச் சோதித்தோம். எம் கோபுரம் நும் கோபுரத்தை அடையாளம் கண்டுகொண்டது. ஆயின் நும் பக்கம் எமக்குக் கதவடைத்திருப்பதால் அழைப்பு வாசல்வரை போய்த் திரும்பிற்று. பாதித் தூரம் வந்துவிட்டோம் என்று கணியர் மகிழ்ந்தார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துப் பல மாதங்களாயின.

ஆகவே வேந்தர் ஆணை: நும் கோபுரம் அழைப்பைப் பற்றிக்கொண்டதென உறுதி வருமுன் எம் கோபுரக் காவலர் எவரும் தம் பிடியை விடற்க, மீறுவோர் பதவி இழப்பர். நும்மிடம் ஆணையில்லை, வேண்டுகோளே. கோபுரத்தை நிற்க விடுக. கதவைத் திறந்து, அதில் ஒரு பேச்சுவழியை மலைவண்டிகளுக்கென எப்போதும் காலியாக வைத்திருக்க அருள்க. நான் நேரில் வந்து தலைகுனிய வேண்டுமெனில் வருவேன்.

புரட்டாசி இருபதாம் நாள், வேந்தர் திருமுன் அரச முத்திரை இட்டுக் குதிரைத் தூதன் வசம் விடுத்தது. மறுமொழியை அவன் கையிலேயே தந்தருள்க. அடுத்த பேறுகால வண்டி இன்றைக்கு ஏழாம் நாள் மலையூரிலிருந்து இறங்குகிறது.