பேசினால் பத்து மீட்டர்

மாப்ளே,

இன்று காலை பரணிலிருந்து உன் சாக்கை இறக்கினேன். ஒரு உதறுதான், வீடெல்லாம் ஏலக்காய் வாசம். பொங்கல் போட்டியில் கயிறு இழுக்கும்போது தோல் உரியாமலிருக்க நீ நாலாக மடித்து இடுப்பில் கட்டிக்கொள்வாயே, அதே ஏலக்காய்ச் சாக்கு. அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி, "என்ன வாசம் இது? யார் வீட்டுல பாயாசம் வைக்கிறாக?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். சிரித்த கையோடு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

கம்பம் ஊரில் கேபிள் டிவி நடத்தியவர்களில் ரக்பி பார்த்தது நீ ஒருத்தன்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் முடியப்போகிற நேரம். நீ போன் செய்து, "மாப்ளே, தோட்டத்துல என்ன வேலன்னாலும் போட்டுட்டு வா, நம்ம ஆட்டத்த வெள்ளக்காரன் ஆடுறான்" என்றாய். மருந்தடிக்கிற பம்பை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தேன்.

யார் எந்த நாடு என்றுகூட நமக்குச் சரியாகத் தெரியாது. ஒரு பக்கம் நீலச் சட்டை, ஒரு பக்கம் சிவப்புச் சட்டை. நீலச் சட்டைக்காரர்கள் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினால் பிடிக்க ஆளில்லை. ஆனால் ஸ்க்ரம் என்று ஒன்று வந்தது பார், அங்கேதான் அவர்கள் பலவீனம் அம்பலமானது. இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் குனிந்து, தோளோடு தோள் கோத்து, தலையைக் கொடுத்துத் தள்ள வேண்டும். சிவப்புச் சட்டை எட்டுப் பேரும் ஒரே மூச்சில் தள்ளினார்கள். நீலத்தில் ஒருத்தன் முன்னே, ஒருத்தன் பின்னே. தாங்க முடியாமல் சரிந்தார்கள். சரிந்தால் தப்பு, தப்புக்குத் தண்டனை உதை, கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி. ஓடி ஓடிச் சேர்த்ததையெல்லாம் இப்படிக் குனிந்து குனிந்தே தொலைத்தார்கள்.

"ஏலே, இது நம்ம கயிறுதான்லே! இழுக்குறதுக்குப் பதிலா தள்ளுறாய்ங்க, அம்புட்டுத்தான்!" என்று நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தாய்.

கடைசி நிமிடத்திலும் நீலம்தான் இரண்டு புள்ளி முன்னால். மறுபடி ஸ்க்ரம், மறுபடி சரிவு. தண்டனை கொடுத்த இடம் தூரம், உதைத்தால் எட்டாது. அதோடு விட்டிருந்தால் ஜெயித்திருப்பார்கள். நீலத்தின் கேப்டன் கையை ஆட்டி நடுவரிடம் பேசப் போனான். எதிர்த்துப் பேசியதற்காக அந்த மனிதர் பத்து மீட்டர் முன்னால் நடந்து போய், இங்கிருந்து உதை என்று காட்டினார். உதைத்தான், எட்டியது, ஆட்டம் முடிந்தது.

நீ கொதித்தாய். "நியாயத்தத்தானடா கேட்டான்! வாயத் தொறந்ததுக்கா தோக்கணும்?"

நான் உன் வாயைச் சுட்டிக் காட்டினேன். உனக்குப் புரிந்துவிட்டது. அதற்கு முந்தைய இரண்டு பொங்கலுக்கும் குமுளிக்காரர்களிடம் நாம் தோற்றதும் அப்படித்தானே. மைக்செட்காரர் "இதோ நம்ம சிங்கம்" என்று ஒவ்வொருத்தன் பேராகச் சொல்ல, பேர் கேட்டவன் பெருமையில் நிமிர்ந்து சனத்தைப் பார்ப்பான். நிமிர்ந்தால் போச்சு, கயிறு வழுக்கும். மிச்சத்தை உன் வாய் பார்த்துக்கொள்ளும். நடுவரின் சட்டையைப் பிடிக்காத குறை. இன்னொரு தடவை சண்டை என்றால் உங்கள் அணிக்கு இனி இடமே இல்லை என்று கமிட்டியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

மறுநாளே என் திராட்சைத் தோட்டத்து வேப்பமரத்தில் கயிற்றைக் கட்டினாய். நாங்கள் ஏழு பேரும் குனிந்து இழுக்க, நீ மைக்செட்காரர் குரலில் எங்கள் பேரைச் சொல்லிக் கத்துவாய். நிமிர்ந்தவன் எல்லோருக்கும் டீ வாங்கித்தர வேண்டும். முதல் வாரம் நான் வாங்கித் தந்தே ஓய்ந்துபோனேன்.

அந்தப் பொங்கல் இறுதிப் போட்டியை மறக்க முடியுமா, மாப்ளே! எதிரே மறுபடி குமுளிக்காரர்கள். இரண்டு அணியும் ஆளுக்கொரு இழுப்பு ஜெயித்து, மூன்றாவது இழுப்பு. நீ கடைசி ஆள், கயிறு உன் இடுப்பில். நடுவர் ஊதினார். உன் முட்டி தரையில் பட்டதாம், எச்சரிக்கை. இன்னொன்று விழுந்தால் வெளியே. முட்டி படவில்லை என்று எனக்குத் தெரியும். நீ வாயைத் திறந்தாய். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"பத்து மீட்டர்," என்றாய். அவ்வளவுதான். மறுபடி குனிந்தாய்.

மைக்கில் உன் பேர் முழங்கியது. ஊரே உன் பேரைச் சொல்லிக் கத்தியது. நீ தலையைத் தூக்கவில்லை. நாங்களும் தூக்கவில்லை. ஒரே மூச்சு, ஒரே இழுப்பு. குமுளிக்காரர்கள் ஒரு அடி வந்தார்கள், அப்புறம் மொத்தமாக வந்தார்கள். ஜெயித்தோம்டா! யார் யாரைக் கட்டிப்பிடித்தோம் என்றே தெரியவில்லை. அந்தக் கூச்சலில் நீ நடுவரை நோக்கிப் போனாய். எல்லோரும் பதறிப் பின்னால் ஓடினோம்.

"அண்ணே, முட்டி தரையில படவே இல்ல. இப்பச் சொல்லலாமுல்ல?" என்று கேட்டாய். அவர் உன்னைக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

போன வருடம் பள்ளிவாசல் மைக்கில் உன் பேரைச் சொன்னார்கள். மௌத்து, சாவுச் செய்தி. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே நெஞ்சுவலி முடித்துவிட்டதாம். சந்தூக்குப் பெட்டியைத் தூக்க நாங்கள் ஏழு பேரும் தோள் கொடுத்தோம். நீ இல்லாமல் எங்களுக்கு நடை சேரவே இல்லை. அழுதுகொண்டேதான் நடந்தேன்.

நாளைக்குப் பொங்கல் போட்டி. நம் அணியை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். கடைசி ஆளாக நான் நிற்கப்போகிறேன், உன் சாக்கைக் கட்டிக்கொண்டு. நடுவர் என்ன ஊதினாலும் பேசமாட்டேன். மைக்கில் என் பேரைச் சொன்னால் நிமிரவும் மாட்டேன், அது சத்தியம். பழக்கத்தில் அந்த மைக்செட்காரர் உன் பேரைச் சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்றுதான் தெரியவில்லை.